முட்டு ஆபரேஷனுக்கு நாள் குறிப்பவர் யார்?

காயல்பட்டினத்தில் பல வீடுகளில் உம்மாவின் முட்டு ஆபரேஷனுக்கு நாள் குறிப்பது ஹாங்காங்கிலோ துபாயிலோ இருக்கும் மகனின் விமான டிக்கெட்தான். மகனுக்குக் கிடைக்கும் லீவு மூன்று வாரமோ நான்கு வாரமோ. வந்து இறங்கிய சூட்டோடு டாக்டரைப் பார்ப்பது, அந்த வாரமே ஆஸ்பத்திரியில் சேர்ப்பது, தையல் பிரித்த கையோடு அவர் திரும்ப விமானம் ஏறுவது என்று எல்லாம் கணக்காக நடக்கும். கடல் கடந்து வியாபாரம் பார்த்தே வாழ்ந்த ஊர் இது. ஆண்கள் ஊரில் இருக்கும் நாட்களைப் பார்த்துத்தான் கல்யாணமும் நடக்கும், வீட்டு வேலையும் நடக்கும். ஆனால் முழங்கால் அந்தக் கணக்குக்குள் அடங்காது.

முழங்கால் மூட்டு மாற்று என்பது பெரும்பாலும் அவசர அறுவை சிகிச்சை அல்ல. பத்து வருடம் தேய்ந்த மூட்டு இன்னும் இரண்டு மாதம் பொறுக்கும். அந்த இரண்டு மாதத்தில் என்ன செய்தோம் என்பது, ஆபரேஷன் முடிந்த பிறகு உம்மா எப்படி நடக்கிறார் என்பதில் பெரும் பங்கு வகிக்கிறது. நம் ஊரில் கவனிப்பாரற்றுக் கிடப்பது அந்த இரண்டு மாதம்தான். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், எந்த கம்பெனி மூட்டு என்றெல்லாம் குடும்பமே கூடிப் பேசுகிறது. உம்மாவின் சுகர் மூன்று மாதமாக எப்படி இருக்கிறது, பல்லில் சீழ் இருக்கிறதா, வாக்கர் கழிப்பறைக் கதவுக்குள் நுழையுமா என்று கேட்பதற்கு மட்டும் ஆள் இருப்பதில்லை.

இந்தச் சிகிச்சை நாட்டில் பரவலாகப் பேசப்பட்டது வாஜ்பாய் காலத்தில். 2000 அக்டோபரில், பிரதமராக இருக்கும்போதே, மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் அவருடைய இடது முழங்கால் மாற்றப்பட்டது. நியூயார்க்கிலிருந்து வந்த டாக்டர் சித்தரஞ்சன் ரணாவத் தலைமையில் நடந்த ஆபரேஷன் அது. அப்போது வாஜ்பாய்க்கு 75 வயது. வலது முழங்காலுக்கு எட்டு மாதம் இடைவெளி விட்டு 2001 ஜூனில் செய்தார்கள். ஜூலை நடுவில் ஆக்ராவில் பாகிஸ்தானின் முஷாரஃபுடன் உச்சி மாநாடு நடத்தினார். பிரதமருக்குக் கூடவே மருத்துவக் குழு உண்டு, பயிற்சி கொடுக்க ஆள் உண்டு, குளியலறைக்கு ஏற்பாடு உண்டு. சாதாரண வீட்டில் இவை ஒவ்வொன்றையும் யாராவது முன்கூட்டியே யோசித்துச் செய்தால்தான் உண்டு.

அன்று இது பணக்காரர் வைத்தியம். இன்று அப்படி இல்லை. 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை முழங்கால் மூட்டுக்கு உச்ச விலை வைத்தது. அதிகம் பொருத்தப்படும் கோபால்ட் குரோமியம் மூட்டு, ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் விற்றுக்கொண்டிருந்தது, வரி நீங்கலாக 54,720 ரூபாய்க்கு இறங்கியது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு இடம் உண்டு. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி முப்பது கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கிறது. பாளையங்கோட்டையில் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆபரேஷன் எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. அதற்கு உடம்பையும் வீட்டையும் ஆயத்தம் செய்யும் வேலை மட்டும் அதே வேகத்தில் வந்து சேரவில்லை.

ஆபரேஷனில் உண்மையில் நடப்பது என்ன? தொடை எலும்பின் கீழ் நுனியிலும் கால் எலும்பின் மேல் நுனியிலும் தேய்ந்த பகுதியைச் சீவி எடுத்துவிட்டு, மேலே உலோக உறை, கீழே உலோகத் தட்டு, இரண்டுக்கும் நடுவே உறுதியான பாலிஎத்திலீன் துண்டு என்று பொருத்துகிறார்கள். நீண்டகாலப் பதிவேடுகளைத் தொகுத்து 2019-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வின்படி, முழுமையாக மாற்றப்பட்ட முழங்கால்களில் நூற்றுக்கு 82, இருபத்தைந்து ஆண்டு தாண்டியும் உழைக்கும். பெரிய சாதனை இது. இருந்தும், ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முழுத் திருப்தி இல்லை என்று சொல்வதாகப் பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. சிலருக்கு வலி முழுசாக விடுவதில்லை. சிலர் எதிர்பார்த்தது வேறாக இருக்கும். நம் பக்கத்தில் இந்த இரண்டாவது காரணத்தைச் சரியாகப் பேசுவதே இல்லை.

சம்மணம் போட்டு உட்கார முடியுமா? பாயில் உட்கார்ந்து களறி விருந்தில், பலர் சேர்ந்து உண்ணும் சஹன் தட்டில் கை வைக்க முடியுமா? சுஜூதில் நெற்றி தரையில் படுமா? நோயாளியின் மனதில் இருப்பது இவைதான். டாக்டரின் அறையில் கேட்பதற்குக் கூச்சம். செயற்கை மூட்டு வழக்கமாக 110, 120 டிகிரி வரை மடங்கும். நாற்காலியிலிருந்து எழவும் படி ஏறவும் அது போதும். தரையில் குந்தி எழ அதற்கு மேலும் மடங்க வேண்டும். புது மூட்டில் மண்டியிடுவது பலருக்கு நெடுநாள் சங்கடமாகவே இருக்கும். ஆகவே நாற்காலியில் அமர்ந்து தொழ வேண்டிவரலாம் என்பதை ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுத் தெளிந்து, மார்க்கச் சட்டத்தை ஆலிமிடம் கேட்டு, மனதைத் தயார் செய்துகொள்வது நல்லது. ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் கழித்து, “காசைக் கொட்டியும் தரையில் உட்கார முடியலையே” என்று உம்மா அழும் நிலை வரக் கூடாது.

உம்ரா போக ஆசைப்பட்டு ஆபரேஷன் செய்துகொள்பவர்கள் உண்டு. ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு தடவை நடந்தால் மட்டுமே மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும், தவாஃப் தனி. புது முழங்காலோடு கைத்தடி இல்லாமல் வீட்டைச் சுற்றி நடக்கவே பலருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். முழுப் பலன் தெரிய ஒரு வருடம்கூட ஆகலாம். அந்தக் கணக்கைப் பார்த்த பிறகே பயண ஏஜென்ட்டிடம் பேச வேண்டும்.

அடுத்து, எல்லாரும் அஞ்ச வேண்டிய விஷயம் கிருமித்தொற்று. நவீன இடுப்பு மூட்டு மாற்றின் தந்தை என்று சொல்லத்தக்க இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி, 1962-இல் ரைட்டிங்டன் மருத்துவமனையில் வெற்றி கண்ட பிறகு, தன் உழைப்பில் பெரும் பகுதியைச் செலவிட்டது ஆபரேஷன் அறையின் காற்றைச் சுத்தமாக்குவதற்கு. காரணம் இருக்கிறது. உலோகத்தின் மேல் ஒட்டிக்கொண்ட பாக்டீரியா தன்னைச் சுற்றி ஒரு படலத்தைக் கட்டிக்கொள்ளும். மாத்திரையும் ஊசியும் அதற்குள் போய்ச் சேருவது கடினம். பல நேரம் பொருத்திய மூட்டையே கழற்றி, சில வாரம் மருந்து வைத்து, மறுபடி புது மூட்டுப் பொருத்த வேண்டியிருக்கும். நல்ல ஆஸ்பத்திரிகளில் நூற்றுக்கு ஒருவர், இருவருக்குத்தான் இப்படி நேர்கிறது. ஆனால் அந்த ஒருவருக்கு அது வருடக்கணக்கான துயரம்.

அந்தக் கிருமி எப்போதும் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வருவதில்லை. சொத்தைப் பல்லில், கால் விரல் இடுக்குச் சேற்றுப்புண்ணில், குதிகால் பித்தவெடிப்பில், அறிகுறி தெரிந்தும் சொல்லாமல் விட்ட சிறுநீர்த் தொற்றில் அது ஏற்கெனவே குடியிருக்கும். கடலோர ஊரில் ஈரத்தில் நடக்கும் கால். ஐந்து வேளை ஒளு செய்து ஈரம் துடைக்காமல் விட்ட விரல் இடுக்கு. இவற்றை ஆற்ற ஒரு மாதம் வேண்டும். ஆபரேஷனுக்கு முதல் நாள் பார்த்தால் டாக்டருக்கு இரண்டே வழி: தள்ளிப்போடுவது அல்லது ஆபத்தை ஏற்பது.

சர்க்கரையும் அப்படித்தான். ஐசிஎம்ஆர் 2023-இல் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் பத்து கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்றது. மூட்டுத் தேய்ந்து ஆபரேஷனுக்கு வரும் வயதில் அது உள்ளவர்கள் ஏராளம். காலையில் குத்திப் பார்க்கும் சுகர் ஒரு நாள் நிலவரத்தைச் சொல்லும். மூன்று மாதச் சராசரியைச் சொல்வது எச்பிஏ1சி. அது ஏழரை, எட்டைத் தாண்டியிருந்தால் ஆபரேஷனைத் தள்ளிவைக்கும் டாக்டர்கள் பலர். அவர்கள் செய்வது சரி. அந்த எண்ணைக் குறைக்க எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும் என்பதால்தான், மகன் டிக்கெட் போடுவதற்கு முன்பே ரத்தப் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். ரத்தசோகையும் இதே வகை. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் அதற்குக் காரணம் கண்டுபிடித்து இரும்புச்சத்து ஏற்ற வேண்டும். அப்படிச் செய்தால் ஆபரேஷன் சமயத்தில் ரத்தம் ஏற்றும் தேவை குறையும்.

மருந்துப் பையை அப்படியே டாக்டரின் மேசையில் கொட்டிக் காட்டுவது நல்லது. ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரைகளை எப்போது நிறுத்துவது என்று அவர் சொல்ல வேண்டும். நாமாக நிறுத்தக் கூடாது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளை ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. முட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் மூன்று மாதமாவது கழிய வேண்டும். இல்லையென்றால் தொற்று அபாயம் கூடுகிறது. பெயர் தெரியாத நாட்டு மருந்துப் பொடி சாப்பிட்டு வலி சட்டென்று குறைந்திருந்தால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கவும் கூடும். திட்டுவார்களோ என்று பயந்து மறைப்பது நோயாளிக்கே ஆபத்து. இன்னொன்று: முதல் நாள் இரவு வீட்டில் பிளேடு வைத்துக் காலைச் சிரைப்பது. உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் ரேஸர் கூடாது என்று திட்டவட்டமாகச் சொல்கிறது. கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி ஏறும். சோப்புப் போட்டு நன்றாகக் குளித்தால் போதும்; முடி எடுக்க வேண்டியிருந்தால் ஆஸ்பத்திரியில் கிளிப்பரால் எடுப்பார்கள்.

இங்கே முஸ்லிம் நோயாளிகளுக்கு ஒரு கேள்வி எழும். ஆபரேஷனுக்குப் பின் காலில் ரத்தம் கட்டாமல் இருக்கப் போடும் எனாக்சபாரின் ஊசி, பன்றிக் குடலிலிருந்து எடுக்கும் பொருளால் ஆனது. செயற்கையாகத் தயாரிக்கும் ஊசியும் உண்டு, மாத்திரைகளும் உண்டு. சிலருக்கு அவை பொருந்தும், சிறுநீரகம் பழுதான சிலருக்குப் பொருந்தாது. இதை முன்கூட்டியே டாக்டரிடமும் ஆலிமிடமும் பேசிவிட்டால் நிதானமாக முடிவெடுக்கலாம். வார்டில் இரவு பத்து மணிக்கு, நர்ஸ் ஊசியோடு நிற்கும்போது பேசக்கூடிய பேச்சல்ல அது. பயிற்சி கொடுக்கப் பெண் பிசியோதெரபிஸ்ட் கிடைப்பாரா என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். ஆண் ஒருவர் முழங்காலைத் தொட்டு மடக்குவதற்குக் கூச்சப்பட்டு, பயிற்சியையே விட்டுவிடும் பெண்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்திருக்கக்கூடிய சிக்கல் அது.

தொடையின் முன்பக்கத் தசைதான் புது மூட்டைத் தாங்கப் போகும் தசை. வலிக்கு அஞ்சி வருடக்கணக்காக நடக்காததால் அது ஏற்கெனவே வற்றியிருக்கும். முட்டுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்தித் தொடையை இறுக்கி ஐந்து வரை எண்ணுவது. காலை நேராக ஒரு சாண் தூக்கிப் பிடிப்பது. கைப்பிடி உள்ள நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காருவது. கட்டிலிலேயே செய்யலாம், காசு செலவில்லை. வாக்கரை ஆபரேஷனுக்கு முன்பே வாங்கி, உயரம் சரிபார்த்து, நடந்து பழகிவிட வேண்டும். வலி மருந்தின் மயக்கத்தில் முதன்முதலாக வாக்கரைப் பிடிப்பவர்கள் தடுமாறத்தான் செய்வார்கள்.

வீட்டைப் பற்றி விரிவாகப் பேசியாக வேண்டும். காயல்பட்டினத்தின் பழைய வீடுகளில் தெருவிலிருந்து ஏறப் படி, அறைக்கு அறை நிலைப்படி. கழிப்பறை பல வீடுகளில் பின்கட்டில் இருக்கிறது. பின்வாசலைத் திறந்தால் பெண்கள் புழங்கும் முடுக்கு. ஊரின் தனிச்சிறப்பான அந்த முடுக்குகள் வழியாகத்தான் சொந்தக்காரர் வீட்டுக்கும், தொழவும் ஓதவும் கூடும் தைக்காவுக்கும் பெண்கள் போய்வருகிறார்கள். ஆபரேஷன் முடிந்து வரும் பெண்ணின் உலகம் சில வாரங்களுக்குக் கட்டில், கழிப்பறை, அந்த முடுக்கு என்ற மூன்று இடங்களுக்குள் இருக்கும். ஆகவே கீழ்த்தளத்தில் அறை வேண்டும். முழங்கால் உயரத்துக்குக் குறையாத கட்டில் வேண்டும். கழிப்பறையில் வெஸ்டர்ன் பீங்கானோ, அது முடியாவிட்டால் கமோடு நாற்காலியோ வைத்து, சுவரில் கம்பி பதிக்க வேண்டும். கம்பி பதிக்கக் கொத்தனார் வந்து போக ஒரு வாரம் இழுக்கும் என்பது வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். நிலைப்படிகளுக்கு மரச்சரிவு, வழியில் கிடக்கும் விரிப்புகளைச் சுருட்டி வைப்பது, இரவில் எரியும் ஒரு சின்ன விளக்கு. பெரிய செலவு எதிலும் இல்லை. ரோபோ ஆபரேஷன் என்ற விளம்பரத்தை நம்பிக் கூடுதலாகப் பணம் கட்டத் தயங்காத குடும்பங்கள் இந்தக் கம்பிக்குத் தயங்குகின்றன. ரோபோவால் எலும்பு வெட்டும் துல்லியம் கூடுகிறது என்பது உண்மை. வழுக்கும் குளியலறையில் விழுவதை அது தடுக்காது.

காயல்பட்டினத்துக்குப் பல ஊர்களுக்கு வாய்க்காத ஒரு பலம் உண்டு. இங்கே கல்யாணமான பிறகும் பெண் பெரும்பாலும் உம்மாவின் வீட்டிலேயோ, உம்மா கொடுத்த பக்கத்து வீட்டிலேயோ இருக்கிறாள். மாப்பிள்ளைதான் வந்து சேருகிறார். வயதான பெண்ணைக் கவனிக்க மகளும் பேத்தியும் ஒரே கூரையின் கீழ் அல்லது ஒரே முடுக்கில் இருக்கிறார்கள். சென்னை அடுக்குமாடியில் தனித்து வாழும் தாய்க்கு இந்தப் பாக்கியம் இல்லை. ஆனால் அன்பு மட்டும் போதாது. ஆபரேஷன் ஆன காலுக்கடியில் தலையணை வைத்து மடக்கிப் படுக்க வைப்பது பார்க்க இதமாக இருக்கும். கால் அப்படியே மடங்கி இறுகி, பிறகு நீட்ட முடியாமல் போகும். “இப்போதானே ஆபரேஷன், ரெண்டு நாள் படுத்திருங்கம்மா” என்பதும் அன்புதான். அன்றே அல்லது மறுநாளே எழுந்து நிற்பதுதான் ரத்தக்கட்டு வராமல் காக்கும். எனவே ஆயத்தம் நோயாளிக்கு மட்டும் என்றால் பாதி வேலைதான் முடியும். கூட இருந்து பார்க்கப் போகும் மகளுக்கும் சேர்த்துத்தான் சொல்லித்தர வேண்டும்.

மேல்நாடுகளில் இதற்கென்று ஆபரேஷனுக்கு முன் வகுப்பு நடத்துகிறார்கள். வெறும் பேச்சாக நடக்கும் வகுப்பால் வலியோ நடையோ பெரிதாக மாறுவதாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று 2014-இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு கூறியது. அதை மறைக்கத் தேவையில்லை. துண்டறிக்கை கொடுத்து அனுப்புவது ஆயத்தம் ஆகாது என்பதற்கு அதுவே சான்று. கையைப் பிடித்துப் பயிற்சி தர வேண்டும், வீட்டுக்கு வந்து கழிப்பறையைப் பார்க்க வேண்டும். அதற்கு ஆள் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீடு தேடி வந்து பிசியோதெரபி கொடுப்பதும் ஓர் அங்கம். ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்தவர்களின் பட்டியலை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி அந்த ஊழியர்களுக்கு எட்டு வாரம் முன்பே அனுப்பினால் போதும். காயல்பட்டினத்தில் வகுப்புக்கு இடம் தேட வேண்டியதே இல்லை. பெண்கள் தைக்காக்கள் இருக்கின்றன. மாதம் ஒரு நாள் மதியம், பெண் பிசியோதெரபிஸ்ட் ஒருவர், ஏற்கெனவே இரண்டு முட்டும் மாற்றிக்கொண்ட உள்ளூர்ப் பெண்மணி ஒருவர், மகள்களோடு வரும் நோயாளிகள். ஊர் நல மன்றங்களும் வெளிநாட்டுக் காயலர் அமைப்புகளும் மருத்துவத்துக்கு எத்தனையோ உதவி செய்கின்றன. இரவல் வாக்கர், கமோடு நாற்காலி, கம்பி பதிக்கும் கூலி என்று அந்த உதவியில் ஒரு பகுதியை இந்தப் பக்கம் திருப்பலாம்.

அரசு மாற்ற வேண்டியது ஒன்று இருக்கிறது. ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டு விதிகளின்படி ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தைய மூன்று நாள் செலவும், வீடு திரும்பிய பின் பதினைந்து நாள் செலவும் கணக்கில் வரும். திடீர் நோய்களுக்கு இந்த மூன்று நாள் சரியாக இருக்கலாம். நாள் குறித்துச் செய்யும் மூட்டு மாற்றுக்கு எட்டு வாரப் பரிசோதனையும், பல் வைத்தியமும், பிசியோதெரபியும் அந்தத் தொகைக்குள் வர வேண்டும். தொற்று வந்த மூட்டைக் கழற்றி மறுபடி பொருத்தும் செலவோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை.

நாள் குறிக்கும்போது வானத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி நின்றது, சாலைகள் அறுந்தன. அந்த வாரம் தையல் பிரிக்க வேண்டியிருந்தவர் யாராக இருந்தாலும் தவித்திருப்பார். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியை விட்டுவிட்டு, நோன்பு மாதத்தையும் ஒதுக்கிவிட்டு, தை, மாசியிலோ கோடையிலோ ஆபரேஷன் வைத்துக்கொண்டால் பயிற்சிக்குப் போய்வர வழி திறந்திருக்கும். மகனுக்கு லீவு அப்போது கிடைக்காவிட்டால் ஆபரேஷனுக்கு மகள் துணை இருக்கட்டும். மூன்று வாரம் கழித்து, உம்மா வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு மாறும் சமயம் பார்த்து மகன் வரலாம். தினமும் இரண்டு வேளை கூட நடக்க ஆள் தேவைப்படுவது அப்போதுதான்.